ஐடிலில் உதறி, சிக்னலில் நின்றுபோகும் கே-ஜெட்ரானிக் கார்: எந்த வரிசையில் தேடுவது?

சிக்னலில் நிற்கிறீர்கள். ஆர்பிஎம் முள் 850-இல் இருந்து 600-க்குச் சரிகிறது. கியர் லிவர் தலையாட்டுகிறது, உதறல் ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வருகிறது, அப்புறம் ஒரு குலுக்கு குலுக்கி எஞ்சின் நின்றுவிடுகிறது. பின்னால் இருக்கும் ஆட்டோ ஹாரன் அடிக்க, நீங்கள் சாவியைத் திருப்ப, ஒன்றுமே நடக்காதது போல உடனே ஸ்டார்ட் ஆகிறது. பழைய இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த வழிகாட்டி பாஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் என்ற பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் அமைப்பு பொருத்திய கார்களுக்கானது. 1973-இல் போர்ஷே 911-இல் வந்தது. பிறகு ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ, வால்வோ 240, மெர்சிடீஸ் டபிள்யூ123 வரிசையின் 230இ, 280இ என்று பரவியது. நம் ஊரில் கண்ணில் படுவது பெரும்பாலும் அந்த மெர்சிடீஸ்தான். அதிலும் பல வண்டிகளில் இந்த இன்ஜெக்‌ஷனைக் கழற்றிப் போட்டுவிட்டு கார்புரேட்டரையோ டீசல் எஞ்சினையோ ஏற்றியிருப்பார்கள். கேட்டால், “இதெல்லாம் இங்கே செட் ஆகாது சார்” என்பார்கள். ஆகும். வரிசை தப்பாமல் தேட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வரிசையை நான் கற்றுக்கொண்டது அடிபட்டுத்தான். என் வண்டி உதற ஆரம்பித்ததும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பானெட்டைத் திறந்தவுடன் அந்த மெக்கானிக்கின் கை நேராக, காற்றோடு சேரும் பெட்ரோலின் அளவை மாற்றும் கலவை ஸ்க்ரூவுக்குப் போனது. இரண்டு நாள் நன்றாக ஓடியது. பிறகு பிளக் கரி பிடித்து, காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தது. அடுத்த இடத்தில் வேறு பக்கம் திருப்பினார்கள். மூன்று மாதம் கழித்துக் கிடைத்த உண்மையான காரணம், உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் மீட்டருக்கும் திராட்டிலுக்கும் நடுவில் உள்ள ரப்பர் பூட்டின் அடிப்பக்கத்தில் ஒரு விரல் நீள வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஆக, முதல் விதி: கலவை ஸ்க்ரூ கடைசி. மற்ற எல்லாம் சரி என்று உறுதியாகும் வரை அந்தத் துளைக்குள் ஆலன் கீ போகக்கூடாது.

முதலில், இது எப்படி வேலை செய்கிறது

இதில் கம்ப்யூட்டர் கிடையாது. எஞ்சின் இழுக்கும் காற்று ஒரு புனல் வழியாகப் போகிறது. புனலுக்குள் வட்டமான ஒரு தட்டு. காற்று அதை நகர்த்த, தட்டின் கை ஒரு பிளஞ்சரை மேலே தள்ளுகிறது. பிளஞ்சர் ஏற ஏற, ஃபியூயல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் நூலிழை போன்ற பிளவுகள் திறந்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோல் போகிறது. இன்ஜெக்டர் திறந்து மூடும் வேலை இல்லை. சுமார் 3.5 பார் அழுத்தம் வந்தால் திறந்து, எஞ்சின் ஓடும்வரை பீய்ச்சிக்கொண்டே இருக்கும். பெயரில் உள்ள ‘கே’, ஜெர்மன் மொழியில் ‘தொடர்ச்சியான’ என்ற சொல்லின் முதல் எழுத்து.

பிளஞ்சரின் தலைமேலும் பெட்ரோல் அழுத்தம் ஒன்று இருக்கிறது. அதுதான் கன்ட்ரோல் பிரஷர். வார்ம்-அப் ரெகுலேட்டர் என்ற சின்னப் பெட்டி அதை முடிவு செய்கிறது. அழுத்தம் குறைந்தால் பிளஞ்சர் எளிதாக மேலேறும், பெட்ரோல் அதிகமாகும். அழுத்தம் கூடினால் பெட்ரோல் குறையும். கீழே வரும் முக்கால்வாசி சோதனைகள் இந்த ஒரு வரியை நம்பித்தான்.

இன்னொன்று. தட்டைத் தாண்டிப் போகும் காற்றுக்குத்தான் கணக்கு. தட்டுக்குப் பின்னால் எங்காவது ஓட்டை வழியாகக் காற்று நுழைந்தால் தட்டுக்குத் தெரியாது, அந்தக் காற்றுக்கு உண்டான பெட்ரோலும் போகாது. கார்புரேட்டர் வண்டி சின்ன ஓட்டைகளைப் பொறுத்துக்கொள்ளும். இது பொறுக்காது.

எப்போது நிற்கிறது?

கருவியை எடுக்கும் முன் ஒரு வாரம் வண்டியைக் கவனியுங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினில் மட்டும் உதறி, பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டால் வார்ம்-அப் ரெகுலேட்டர், குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் காற்று விடும் ஆக்ஸிலரி ஏர் வால்வ் பக்கம் போக வேண்டும். காலையில் ஜோராக ஓடி, சூடான பிறகு உதறிக் கரும்புகை விட்டால் பெட்ரோல் ஜாஸ்தி. கன்ட்ரோல் பிரஷர் ஏறவில்லை, அல்லது குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகக் கூடுதல் பெட்ரோல் விடும் கோல்ட் ஸ்டார்ட் வால்வ் ஒழுகுகிறது. எல்லா நேரமும் ஒரே மாதிரி உதறினால் இக்னிஷன், ஏர் லீக், இன்ஜெக்டர்.

நிற்கும் விதத்தையும் பாருங்கள். விளக்கை அணைத்தது போலச் சட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட் சமாச்சாரம். இருமி, தடுமாறி, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கொஞ்சம் பிழைத்து அப்புறம் நின்றால் பெட்ரோலோ காற்றோ. அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு நிற்கிறதா? டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் வந்து, அதன் பிறகு வண்டி ஒழுங்காக ஓடினால் டேங்க்கின் காற்றுக்குழாய் அடைத்திருக்கிறது. இங்கேயே வேலை முடிந்தது.

பிளக், கேப், வயர்

இன்ஜெக்‌ஷனைச் சந்தேகப்படும் முன் இக்னிஷனைப் பார்த்துவிடுங்கள். நான்கு பிளக்கையும் (280இ போன்ற ஆறு சிலிண்டர் வண்டியில் ஆறையும்) கழற்றி வரிசை மாறாமல் ஒரு அட்டையில் குத்தி வையுங்கள். நான்கும் கரியாக இருந்தால் எல்லா சிலிண்டருக்கும் பெட்ரோல் ஜாஸ்தி. நான்கும் வெளிறியிருந்தால் கம்மி. மூன்று காப்பி நிறத்திலும் ஒன்று மட்டும் ஈரமாகவும் இருந்தால், பிரச்சினை அந்த ஒரு சிலிண்டரோடு: பிளக், வயர், இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரஷன்.

இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓட விடுங்கள். வயர் கசிந்தால் நீல நூல் போலப் பொறி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். இக்னிஷன் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் உள்ளே பென்சில் கோடு போல ஒரு கீறல் இருந்தாலும் மாற்றிவிடுங்கள், துடைத்துப் பயனில்லை. ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு வயராகப் பிடுங்கிப் பார்க்கும் பழைய பழக்கம் மட்டும் வேண்டாம். எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டிகளில் அந்த மாட்யூல் போய்விடும், கைக்கும் ஷாக் அடிக்கும்.

டேப்பெட் இடைவெளி வைக்கும் எஞ்சின் என்றால் அதையும், டைமிங்கையும், கம்ப்ரஷனையும் இப்போதே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிலிண்டரின் கம்ப்ரஷன் மற்றவற்றைவிட வெகுவாகக் குறைந்திருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை. அது ஹெட் இறக்கும் வேலை.

ஏர் லீக்: அதிக நேரம் இங்கே செலவிடுங்கள்

எளிய சோதனை முதலில். சூடான எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். கிராங்க் கேஸின் காற்றும் இன்டேக்கோடு சேர்ந்திருப்பதால் எஞ்சின் தடுமாற வேண்டும், சில வண்டிகள் நின்றே போகும். அது நல்ல செய்தி. மூடியைத் திறந்தும் ஒரு மாற்றமும் இல்லையென்றால், வேறு எங்கோ ஏற்கெனவே பெரிய ஓட்டை இருக்கிறது. ஆம், டிப்ஸ்டிக்கின் ரப்பர் வளையம் காய்ந்து போனாலும் ஐடிலிங் கெடும். ஆயில் மூடியின் வாஷருக்காக இன்ஜெக்‌ஷன் முழுவதையும் கழற்றிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது தேடல். ஒரு மீட்டர் நீள ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள். ஓட்டை அருகே வந்ததும் உஸ் சத்தம் காதுக்குள் கேட்கும். சந்தேகம் வந்த இடத்தில் ஸ்ப்ரே பாட்டிலால் சோப்புத் தண்ணீர் அடியுங்கள். நுரை உள்ளே இழுபடும், எஞ்சின் சத்தமும் மாறும். கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருப்பதால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஊதுபத்திப் புகையை வைத்துப் பார்க்கும் வித்தையைப் பெட்ரோல் வண்டியில் யாரும் செய்ய வேண்டாம்.

பார்க்க வேண்டிய இடங்களில் முதலாவது அந்தப் பெரிய ரப்பர் பூட். தொட்டுப் பார்த்தால் போதாது, கழற்றி வெளிச்சத்தில் வளைத்துப் பாருங்கள். இரண்டாவது, இன்ஜெக்டர்களின் ஓ-ரிங். நாற்பது வயது வண்டியில் அவை பிளாஸ்டிக் போல இறுகியிருக்கும். கையால் இன்ஜெக்டரை லேசாக ஆட்டிப் பாருங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் ஓ-ரிங் போய்விட்டது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள், பெட்ரோல் தாங்கும் ரப்பராகக் கேட்டு வாங்குங்கள். மூன்றாவது, பிரேக் பூஸ்டர் ஹோஸ். ஐடிலில் அதை இறுக்கிப் பிடித்தால் உதறல் குறைகிறதா என்று பாருங்கள். டபிள்யூ123-இல் சென்ட்ரல் லாக்கும் வேக்குவத்தில்தான் ஓடுகிறது. பின்கதவுக்குள் ஒரு டயஃப்ரம் கிழிந்திருந்தால் அதன் பங்குக்கு அதுவும் கொஞ்சம் காற்றை இழுக்கும்.

ஆக்ஸிலரி ஏர் வால்வையும் இந்தச் சுற்றிலேயே முடித்துவிடலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூடுதல் காற்று விட்டு ஐடிலைத் தூக்குவதும், சூடானதும் மூடிக்கொள்வதும் அதன் வேலை. அதன் ஹோஸை அழுத்திப் பிடியுங்கள். காலையில் ஆர்பிஎம் இறங்க வேண்டும். எஞ்சின் சூடான பிறகு எதுவும் ஆகக்கூடாது.

தட்டு தடையின்றி நகர்கிறதா?

எஞ்சினை நிறுத்திவிட்டு அந்த ரப்பர் பூட்டைக் கழற்றினால் தட்டு தெரியும். புனலின் நடுவில் இருக்கிறதா, சுற்றிலும் ஒரே இடைவெளி உண்டா என்று 0.1 மி.மீ. ஃபீலர் பிளேடைச் சுற்றி ஓட்டிப் பாருங்கள். எங்காவது உரசினால் அந்த இடத்தில் தட்டு மாட்டிக்கொள்ளும், ஐடிலிங் கெடும்.

அடுத்து, பம்ப்பை ஒரு நொடி ஓட்டி அழுத்தம் ஏற்றிவிட்டு நிறுத்துங்கள். தட்டை ஒரு காந்தத்தால் மெல்ல உயர்த்துங்கள். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். கீழே விட்டால் தங்குதடையின்றி விழ வேண்டும். வழியில் முடிச்சு போல எங்காவது தட்டினால், பிளஞ்சரில் பழைய பெட்ரோலின் பிசின் ஒட்டியிருக்கிறது. மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டிகளில் இது சகஜம். பிளஞ்சரை வெளியே எடுத்து சுத்தமான பெட்ரோலில் கழுவலாம். கீழே விழுந்தாலோ உப்புக் காகிதம் பட்டாலோ அதன் கதை முடிந்தது, டிஸ்ட்ரிபியூட்டரோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது தட்டைத் தூக்கியே வைத்திருக்காதீர்கள். அத்தனை பெட்ரோலும் சிலிண்டருக்குள் இறங்கும்.

பிரஷர் கேஜ் இல்லாமல் மேலே போகாதீர்கள்

இங்கேதான் பெரும்பாலானோர் ஊகத்தில் இறங்குகிறார்கள். 0-10 பார் கேஜ், ஒரு அடைப்பு வால்வ், இரண்டு ஹோஸ், இவ்வளவுதான் கருவி. இணைப்பு நிப்பிள்களை மாதிரி கொடுத்தால் லேத் பட்டறையில் கடைந்து தருவார்கள். டிஸ்ட்ரிபியூட்டரில் இருந்து வார்ம்-அப் ரெகுலேட்டருக்குப் போகும் குழாயின் நடுவில் இதை வைக்க வேண்டும். வால்வ் ரெகுலேட்டர் பக்கம் இருக்கட்டும்.

தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மூடிய ஷெட்டில் வேண்டாம், வாசலில் செய்யுங்கள். குழாயைத் தளர்த்தும்போது மேலே துணியைச் சுற்றுங்கள். 5 பாரில் வெளியேறும் பெட்ரோல் கண்ணுக்கு நேராகப் பீய்ச்சும்.

எஞ்சினை ஓட்டாமல் பம்ப்பை மட்டும் ஓட்ட, பம்ப் ரிலேயைக் கழற்றிவிட்டு அதன் சாக்கெட்டில் ஃபியூஸ் வைத்த வயரால் பாலம் போட வேண்டும். எந்த இரண்டு முனை என்பதை உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள். கீழே சொல்லும் எண்கள் பொதுவானவை, அவற்றிலும் கையேடு சொல்வதே இறுதி.

வால்வை மூடினால் கேஜ் காட்டுவது சிஸ்டம் பிரஷர். பெரும்பாலான வண்டிகளில் 4.7 முதல் 5.5 பார் வரை. இது குறைந்தால் பம்ப், ஃபில்டர், அல்லது டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பிரஷர் ரெகுலேட்டர்.

வால்வைத் திறந்தால் கன்ட்ரோல் பிரஷர். இரவு முழுக்க நின்ற வண்டியில், ரெகுலேட்டரின் கரண்ட் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், இல்லையேல் அளக்கும்போதே அது சூடேறிவிடும். நம் ஊர் காலை வெயிலில் ஏறக்குறைய 2 பார் காட்டும். ஐரோப்பியக் கையேட்டில் 20 டிகிரிக்குச் சொல்லும் எண்ணைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருப்பது இயல்பு. பிளக்கை மாட்டியதும் முள் மெதுவாக ஏறி, சில நிமிடங்களில் 3.4 முதல் 3.8-க்குள் வந்து நிற்க வேண்டும். ஏறவே இல்லையென்றால் எஞ்சின் நாள் முழுக்க சோக் போட்ட மாதிரி ஓடும்: கரும்புகை, பெட்ரோல் வாடை, சூடானதும் உதறல். ரெகுலேட்டரை மாற்றும் முன் அதன் பிளக்கில் 12 வோல்ட் வருகிறதா, உள்ளே இருக்கும் சூடேற்றும் சுருளின் எதிர்ப்பு 20 ஓமை ஒட்டி இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். வெறும் எர்த் வயர் துருப்பிடித்ததற்காக ரெகுலேட்டரை மாற்றிய கதைகள் நிறைய.

மூன்றாவது அளவு, பம்ப்பை நிறுத்திய பிறகு. முள் சட்டென்று கொஞ்சம் இறங்கி, அங்கேயே தங்க வேண்டும். இருபது நிமிடம் கழித்தும் 2 பாரை ஒட்டி இருந்தால் நல்லது. பூஜ்யத்துக்கு விழுந்தால் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் அக்யுமுலேட்டர், பெட்ரோல் திரும்பிப் போகாமல் தடுக்கும் பம்ப்பின் செக் வால்வ், அல்லது ஒழுகும் இன்ஜெக்டர். மதிய வெயிலில் கடைக்குப் போய்விட்டு வந்து ஸ்டார்ட் செய்தால் பத்து விநாடி சுற்றி, உதறிக்கொண்டே கிளம்பும் நோய்க்குக் காரணம் இதுதான். அழுத்தம் போனதும் சூட்டில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது.

கோல்ட் ஸ்டார்ட் வால்வைக் குழாயோடு அப்படியே வெளியே எடுத்து, மூக்கைத் துடைத்து, கரண்ட் பிளக் இல்லாமல் பம்ப்பை ஓட்டுங்கள். ஒரு நிமிடத்தில் ஒரு சொட்டு சேர்ந்தாலும் அது ஒழுகுகிறது.

பம்ப்பும் ரிலேயும்

சட்டென்று நிற்கும் வண்டிக்கு முதலில் பார்க்க வேண்டியது பம்ப் ரிலே. எஞ்சின் சுற்றுகிறது என்ற சிக்னல் வந்துகொண்டிருக்கும் வரைதான் இது பம்ப்புக்குக் கரண்ட் கொடுக்கும். விபத்தில் எஞ்சின் நின்றால் பம்ப்பும் நிற்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. வருடக்கணக்கான சூட்டில் உள்ளே உள்ள சால்டரிங் வட்டமாக வெடிக்கும். மூடியைக் கழற்றி, லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும். மறுபடி ஈயம் வைத்தால் போதும், புதிது தேடி புதுப்பேட்டை முழுக்க அலைய வேண்டாம்.

பம்ப் போதுமான அளவு தள்ளுகிறதா என்பதற்கு, ரிட்டர்ன் குழாயை ஒரு கேனில் விட்டு நேரம் பாருங்கள். நல்ல பம்ப் 40 விநாடிக்குள் ஒரு லிட்டர் தரும். குறைந்தால் முதலில் ஃபில்டரையும் டேங்க்குக்குள் இருக்கும் வலையையும் பாருங்கள். துருப்பொடி பெரும்பாலும் அங்கேதான் சேர்ந்திருக்கும்.

நான்கு பாட்டில் சோதனை

ஒரே அளவுள்ள நான்கு கண்ணாடிப் பாட்டில்களை எடுத்துக்கொள்ளுங்கள். நான் கழுவிக் காயவைத்த ஊறுகாய் பாட்டில்களைப் பயன்படுத்தினேன், வீட்டில் கிடைத்த திட்டு தனிக்கதை. இன்ஜெக்டர்களைக் குழாயோடு வெளியே இழுத்து, ஒவ்வொன்றையும் ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். பம்ப்பை ஓட்டி, தட்டைக் கொஞ்சம் மட்டும் தூக்குங்கள், ஐடிலில் இருக்கும் அளவுக்கு. நல்ல இன்ஜெக்டர் கொசு மருந்து அடிப்பது போல மெல்லிய கூம்பாகப் பீய்ச்சும், காது கொடுத்தால் கீச்சுச் சத்தம் கேட்கும். கெட்டது குழாயடியில் தண்ணீர் விழுவது போல ஒரே கோடாக ஒழுகும்.

நிறுத்திவிட்டுப் பாட்டில்களை வரிசையாக வையுங்கள். என்னுடையதில் மூன்று பாட்டில் ஒரே மட்டம், மூன்றாம் சிலிண்டரின் பாட்டில் மட்டும் ஒரு விரற்கடை குறைவு. இப்போது அந்த இன்ஜெக்டரைப் பக்கத்துக் குழாயில் மாற்றி மாட்டி மறுபடி பார்க்க வேண்டும். குறை இன்ஜெக்டரோடு நகர்ந்தால் இன்ஜெக்டர் கெட்டது. குறை அதே குழாயில் தங்கினால் டிஸ்ட்ரிபியூட்டர். எனக்கு இன்ஜெக்டரோடு நகர்ந்தது, செலவு அதோடு முடிந்தது. தட்டை இறக்கிய பிறகும் ஒரு மூக்கில் சொட்டு தொங்கினால் அதையும் மாற்றுங்கள்.

இப்போது அந்த ஸ்க்ரூ

காற்று, பொறி, அழுத்தம், இன்ஜெக்டர் எல்லாம் சரியான பிறகும் ஐடிலிங் திருப்தியில்லை என்றால்தான் இது. எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும். ஏசி, லைட் எல்லாம் ஆஃப். முதலில் ஐடில் ஸ்பீட் ஸ்க்ரூவால் கையேடு சொல்லும் ஆர்பிஎம்முக்கு வையுங்கள். பிறகு 3 மி.மீ. நீள ஆலன் கீயைத் தட்டுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் நடுவில் உள்ள துளையில் இறக்குங்கள். வலப்பக்கம் திருப்பினால் பெட்ரோல் கூடும், இடப்பக்கம் குறையும். ஒரு தடவைக்குச் சுற்றில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கீழ்நோக்கி அழுத்தாதீர்கள், தட்டும் சேர்ந்து இறங்கும். கீ உள்ளே இருக்கும்போது ரேஸ் கொடுத்தால் தட்டின் கை வளையும். ஒவ்வொரு முறையும் கீயை எடுத்துவிட்டு, ஒரு ரேஸ் கொடுத்து, ஐடிலுக்கு வந்த பிறகுதான் அளவு.

எதை வைத்து அளப்பது? காது ஏமாற்றும். புகைச் சான்றிதழ் கொடுக்கும் சென்டரில் கேஸ் அனலைசர் இருக்கிறது. கூட்டமில்லாத மதிய வேளையில் போய், அரை மணி நேரம் மெஷினை விடச் சொல்லிக் கேளுங்கள். கொஞ்சம் கூடக் கொடுத்தால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். கார்பன் மோனாக்சைடு பல மாடல்களுக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை சரியாக இருக்கும்.

இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அதே காற்றுக்குப் பழைய பெட்ரோலைவிட ஏறக்குறைய 8 சதவீதம் அதிகமாகத் தேவைப்படும். புது வண்டிகளின் கம்ப்யூட்டர் அதைச் சரிக்கட்டும். புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கும் லாம்ப்டா சென்சார் இல்லாத கே-ஜெட்ரானிக்குக் கலப்படம் செய்தது தெரியாது, எனவே பழைய செட்டிங்கில் ஓடும் வண்டி லீனாகி, அதாவது கலவையில் பெட்ரோல் போதாமல், உதறும். மேலே சொன்ன எதிலும் குறை இல்லாத வண்டிக்கு எட்டில் ஒரு சுற்று வலப்பக்கம் போதுமானதாக இருக்கலாம். எத்தனால் பழைய ரப்பர் ஹோஸ்களையும் உப்ப வைக்கும், அவற்றையும் வருடம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஊட்டியில் வசிப்பவர்களுக்குக் கணக்கு தலைகீழ்: 2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து, சமவெளியில் செட் செய்த கலவை ரிச்சாகிவிடும், அதாவது பெட்ரோல் ஜாஸ்தியாகிவிடும். கோடை விடுமுறைக்கு நாலு நாள் போகிறவர்கள் அதற்காக ஸ்க்ரூவைத் தொட வேண்டாம்.

அளவு கிடைத்ததும் துளையின் ரப்பர் அடைப்பானை மறக்காமல் போடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது எப்போதோ தொலைந்திருக்கும். அந்தத் துளை தட்டுக்குப் பின்னால் திறக்கும் வண்டிகளில் அதுவே ஒரு ஏர் லீக்.